அத்தியாயம் 7: பதினாறு சொற்கள் – உமையா தீனார்களைச் சேகரிக்கும் முறை

உமையா தீனாரைச் சுண்டிப் 'பூவா, தலையா' கேட்க முடியாது. அதில் பூவும் இல்லை, தலையும் இல்லை. இருபுறமும் எழுத்து மட்டுமே. அடித்த அரசனின் பெயர் கிடையாது. ஒருசில பகுதிகளில் வெளியானவற்றை விட்டால் ஊர்ப்பெயரும் கிடையாது. ஹிஜ்ரி 77 முதல் 132 வரை, ஏறக்குறைய ஒரே அகலத்தில், ஒரே எடையில், ஒரே வாசகத்தோடு வெளிவந்த இந்தப் பொற்காசுகளில் ஆண்டுதோறும் மாறியது ஓரத்தில் இருக்கும் ஓரிரு எண்ணுச் சொற்கள்தாம். எளிதில் கிடைக்கும் காசையும் கோடி கொடுத்தாலும் கிடைக்காத காசையும் பிரிப்பது பெரும்பாலும் அந்தச் சொற்களே. அவற்றைத் தாமே படிக்கத் தெரியாதவர் அரிய காசு வாங்கும்போது, விற்பவர் வாயால் சொன்னதைத்தான் விலைகொடுத்து வாங்குகிறார். காசு அதனோடு கூட வருகிறது. ஆகவே இந்த அத்தியாயத்தின் அறிவுரை சுருக்கமானது: முதலில் படிக்கக் கற்க வேண்டும், பிறகு சாதாரண ஆண்டுகளை வாங்கிக் கண்ணைப் பழக்க வேண்டும், அரிய ஆண்டுகளின் பக்கம் அதற்குப் பிறகே போக வேண்டும். ஏன் இந்த வரிசை என்பதற்கான காரணங்களையும், இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காசு எப்படி எழுத்தானது

உமையாக்கள் 661 முதல் 750 வரை டமாஸ்கஸைத் தலைநகராகக் கொண்டு ஆண்டார்கள். சிரியாவும் எகிப்தும் அவர்கள் கைக்கு வந்தபோது அங்கே புழங்கியது பைஸாந்தியப் பேரரசின் பொற்காசு. அதில் பேரரசர் ஹெராக்ளியஸ் தம் மகன்களோடு நிற்பார். மறுபுறம் படிகளின் மேல் சிலுவை இருக்கும். முஸ்லிம் ஆட்சியாளர்கள் அதைத் திடீரென்று தூக்கியெறியவில்லை. முதலில் அதே உருவங்களை வைத்துக்கொண்டு, சிலுவையின் குறுக்குக் கையை மட்டும் நீக்கி, படிமேல் ஒரு தண்டு நிற்பதுபோல் மாற்றி அடித்தார்கள். அடுத்து, கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் காலத்தில், ஹிஜ்ரி 74 முதல் 77 வரை, இடையில் வாளோடு நிற்கும் கலீஃபாவின் உருவம் வந்தது. இந்த 'நிற்கும் கலீஃபா' தீனார்கள் உலகிலேயே கைவிரல்விட்டு எண்ணும் அளவில்தான் எஞ்சியிருக்கின்றன. பெரும்பாலும் அருங்காட்சியகங்களில் பார்த்து நிறைவடைய வேண்டியவை. ஹிஜ்ரி 77-இல், அதாவது 696–697-இல், அவரே உருவங்களை அறவே விட்டுவிட்டு எழுத்து மட்டும் கொண்ட தீனாரை வெளியிட்டார். எடையும் மாறியது. சுமார் நாலரை கிராம் இருந்த பைஸாந்தியக் காசுக்குப் பதில் ஒரு மித்கால், அதாவது 4.25 கிராம், தீனாரின் அளவாக நிலைத்தது. அரசனின் முகம் தந்த நம்பகத்தை இனி எழுத்தும் எடையும் தரவேண்டும் என்பதே இந்தச் சீர்திருத்தத்தின் உள்பொருள். சேகரிப்பவரும் இந்த இரண்டையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

எழுத்து எங்கே எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போம். காசு சுமார் 19 அல்லது 20 மில்லிமீட்டர் அகலம். ஒரு பக்கத்தின் நடுவில் இறைவன் ஒருவனே, அவனுக்கு இணையில்லை என்ற உறுதிமொழி மூன்று வரிகளில் இருக்கும். சுற்றிலும் நபிகளாரின் தூதுத்துவமும் குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து எடுத்த வாசகமும் ஓடும். மறுபக்கத்தின் நடுவில் 112-ஆம் அத்தியாயமான சூரா இக்லாஸின் பகுதி. அதைச் சுற்றியுள்ள வட்டத்தில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது: அல்லாஹ்வின் பெயரால் இந்தத் தீனார் இன்ன ஆண்டில் அடிக்கப்பட்டது என்ற வாசகம். எழுத்தின் அடி காசின் நடுவை நோக்கியும் தலை விளிம்பை நோக்கியும் இருக்கும். வரி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடும். 'தீனார்' என்ற சொல்லைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 'ஃபீ ஸனத்' என்பதைக் கடந்தால் ஆண்டு வந்துவிடும். எண் உருக்கள் கிடையாது, எல்லாம் சொற்களே. முதலில் ஒன்றின் இடம், பிறகு பத்தின் இடம், கடைசியில் நூறு. 'கம்ஸ் வ மிஅ' என்றால் ஐந்தும் நூறும், அதாவது 105.

அரபு தெரியாதே என்பவர்களுக்கு

இந்த வழிமுறையைக் கேட்டதும் எழும் முதல் மறுப்பு, 'இதற்காக ஒரு மொழியையே கற்க வேண்டுமா?' என்பது. வேண்டியதில்லை. எழுத்து மட்டும் கொண்ட உமையா தீனார்கள் 77-இல் தொடங்கி 132-இல் முடிகின்றன. இந்த எல்லைக்குள் எந்த ஆண்டையும் எழுதத் தேவையான சொற்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று முதல் ஒன்பது வரை ஒன்பது சொற்கள்: இஹ்தா, இஸ்னதைன், ஸலாஸ், அர்பஉ, கம்ஸ், ஸித்த், ஸப்உ, ஸமான், திஸ்உ. பத்துகளில் ஆறு: பத்துக்கு அஷ்ர, இருபதுக்கு இஷ்ரீன், முப்பதுக்கு ஸலாஸீன், எழுபதுக்கு ஸப்ஈன், எண்பதுக்கு ஸமானீன், தொண்ணூறுக்குத் திஸ்ஈன். நாற்பதும் ஐம்பதும் அறுபதும் வரவே வாய்ப்பில்லை. கடைசியாக நூறு: மிஅ. மொத்தம் பதினாறு சொற்கள். ஒரு மாதம் மாலைதோறும் அரைமணி நேரம் ஒதுக்கினால், அருங்காட்சியகங்கள் வெளியிட்டுள்ள தெளிவான படங்களை வைத்துக்கொண்டு எவரும் இவற்றை அடையாளம் காணப் பழகிவிடலாம். மதரசாவில் ஓதக் கற்றவர்களுக்கு ஒரு படி முன்னதாகவே வழி திறந்திருக்கும். ஆனால் அவர்கள் பழகிய அரபு எழுத்தில் புள்ளிகளும் குறிகளும் உண்டு. காசில் இருக்கும் கூஃபி எழுத்தில் அவை கிடையாது.

சேகரிப்பின் நுட்பமெல்லாம் இந்தப் புள்ளியில்லாமையில்தான் அடங்கியிருக்கிறது. ஓலைச்சுவடியில் புள்ளி இடாமல் எழுதிய தமிழைப் படித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. இடத்தையும் தொடர்ச்சியையும் வைத்துத்தான் மெய்யா உயிர்மெய்யா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும். கூஃபியில் ஏழைக் குறிக்கும் சொல்லும் ஒன்பதைக் குறிக்கும் சொல்லும் இப்படி ஒன்றோடொன்று மயங்குபவை. 'ஸப்உ' என்பதில் முதலில் மூன்று பல் கொண்ட ஸீன், அடுத்து ஒரு பல் கொண்ட பே, பிறகு ஐன். 'திஸ்உ' என்பதில் முதலில் ஒரு பல் கொண்ட தே, அடுத்து மூன்று பல் கொண்ட ஸீன், பிறகு ஐன். புள்ளியை எடுத்துவிட்டால் இரண்டிலும் நான்கு பற்களும் ஓர் ஐனும்தான் மிச்சம். எழுபதும் தொண்ணூறும் இதே கதை. எனவே 77, 79, 97, 99 ஆகிய நான்கு ஆண்டுகளும் தேய்ந்த காசில் ஒன்றுபோலவே தோன்றும். 78-உம் 98-உம் அப்படியே. இவற்றில் 77 சீர்திருத்தத்தின் முதல் ஆண்டு, உலகெங்கும் தேடப்படுவது. 97-உம் 99-உம் அந்த அளவு விலைபோகாதவை. ஒரு பல்லின் உயரத்தை எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து விலை பல மடங்கு மாறிவிடுகிறது.

இந்த மயக்கத்திலிருந்து விடுபட வழிகள் உண்டு. முதல் வழி தர்க்கம். எழுத்துத் தீனார் 77-இல்தான் தொடங்கியது என்பதால் 71 முதல் 76 வரை அப்படி ஒன்று இருக்கவே முடியாது. ஒன்றின் இடத்தில் ஒன்று முதல் ஆறு வரை ஏதாவது வந்து, பத்தின் இடம் எழுபதா தொண்ணூறா என்று தெரியாவிட்டால், அது தொண்ணூறேதான். ஆக, எழுபதுகளை உண்மையாகவே பாதிக்கும் சிக்கல் 7, 8, 9 என்று முடியும் ஆண்டுகளில் மட்டும் இருக்கிறது. மற்றப் பத்துகளில் 87–89, 107–109, 117–119, 127–129 என்ற இணைகளைக் கவனித்தால் போதும். இரண்டாம் வழி பல்லின் உயரம். சில அச்சுகளைச் செதுக்கியவர்கள் ஒற்றைப் பல்லைச் சற்றே உயர்த்தி அடையாளம் காட்டியிருக்கிறார்கள்: உயர்ந்த பல் முதலில் வந்தால் ஒன்பது, ஐனுக்குப் பக்கத்தில் வந்தால் ஏழு. மூன்றாம் வழி ஒப்பீடு. ஆண்டு ஐயத்துக்கு இடமில்லாத காசுகளின் கையெழுத்துப் பாங்கையும் எழுத்து இடைவெளியையும் ஐயமான காசோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஜான் வாக்கர் 1956-இல் வெளியிட்ட பிரிட்டிஷ் மியூசியம் பட்டியலும், ஸ்டீஃபன் ஆல்பம் தொகுத்த இஸ்லாமிய நாணயக் கைப்பட்டியலும் இதற்குக் கைகொடுக்கும். மூன்று வழியிலும் முடிவு தெரியாத காசை விலை குறைந்த ஆண்டாகவே கருதி விலைபேச வேண்டும்; விற்பவர் அதற்கு இசையாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

ஆண்டைப் படித்தபின் பொது ஆண்டாக மாற்றுவது எளிது. ஹிஜ்ரி ஆண்டு சந்திர ஆண்டு என்பதால் 33 சந்திர ஆண்டுகள் ஏறக்குறைய 32 சூரிய ஆண்டுகளுக்குச் சமம். ஹிஜ்ரி எண்ணை 33-ஆல் வகுத்து, கிடைத்ததை அந்த எண்ணிலிருந்தே கழித்து, 622-ஐக் கூட்டினால் ஓராண்டு முன்பின்னாக விடை வரும். 132-க்கு நான்கைக் கழித்து 622-ஐக் கூட்டினால் 750; உமையா ஆட்சி வீழ்ந்த ஆண்டு. அந்த 132-இல் ஒரு கவனம் தேவை. அதே ஆண்டில் உமையாக்களை வீழ்த்திய அப்பாசியரும் தீனார் அடித்திருக்கிறார்கள். ஆண்டைப் படித்தால் மட்டும் எவருடையது என்று தெரியாது. நடுப்புலத்தைப் படிக்க வேண்டும். சூரா இக்லாஸ் இருந்தால் உமையா. அதன் இடத்தில் நபிகளாரின் பெயரும் அவர் இறைத்தூதர் என்பதும் இருந்தால் அப்பாசியர்.

அருமை என்பது எங்கே இருக்கிறது

வாசிப்பே விலை என்பதற்கு ஏலங்களே சான்று. ஹிஜ்ரி 105-ஆம் ஆண்டுத் தீனார் ஒன்று 2011-இல் லண்டனில் 37 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. அதில் இருக்கும் பொன் வேறெந்தத் தீனாரிலும் இருக்கும் அதே 4.25 கிராம்தான். 105-ஆம் ஆண்டும் தன்னளவில் அவ்வளவு அரிதானதல்ல. அந்தக் காசில் கூடுதலாகச் சில சொற்கள் இருந்தன: ஹிஜாஸில் உள்ள, நம்பிக்கையாளர்களின் தலைவருடைய சுரங்கம் என்ற பொருள் தரும் வாசகம். கலீஃபாவுக்குச் சொந்தமான சுரங்கத்தின் பொன்னால் அடித்தது என்பதையும், அரபு மண்ணின் ஓர் இடப்பெயரையும் ஒரே வரியில் தாங்கியிருப்பதால் அதற்கு அந்த மதிப்பு. அதே ஆண்டில் அந்தச் சொற்கள் இல்லாமல் வெளிவந்த தீனாரும் உண்டு. இரண்டையும் மேசைமேல் வைத்தால் எழுத்தறியாதவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இதேபோல் வட ஆப்பிரிக்காவின் இஃப்ரீக்கிய்யாவிலும் ஸ்பெயினின் அல்அந்தலுஸிலும் அடித்தவற்றில் அந்த நிலங்களின் பெயர் வரும். அல்அந்தலுஸில் ஹிஜ்ரி 98-இல் ஒருபுறம் லத்தீனும் மறுபுறம் அரபும் கொண்ட காசுகள் வந்திருக்கின்றன. இவை எல்லாமே எழுத்தால் அரிதானவை.

அருமையைப் பற்றி இன்னொன்றும் தெளிவாக வேண்டும். பட்டியல்களில் 'மிக அரிது' என்று போடும் குறி, எத்தனை காசுகள் அடிக்கப்பட்டன என்பதைச் சொல்வதில்லை. இதுவரை எத்தனை கண்ணில் பட்டிருக்கின்றன என்பதைத்தான் சொல்கிறது. மண்ணும் கடலும் மறைத்து வைத்திருப்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. 2015-இல் இஸ்ரேலின் செசாரியா துறைமுகத்துக் கடலடியில் சுழியோடிகள் ஏறக்குறைய 2,000 ஃபாத்திமியப் பொற்காசுகளைக் கண்டெடுத்தார்கள். 2020-இல் யவ்னே அருகே ஒரு பானையில் 425 பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் அப்பாசியர் காலத்தவை. அவை உமையா தீனார்கள் அல்ல என்றாலும் பாடம் ஒன்றே: ஒரு புதையல் ஒரே நாளில் ஓர் ஆண்டின் எண்ணிக்கையை மாற்றிவிடும். ஆகவே அருமையை மட்டும் நம்பி வாங்கியவருக்கு நாளை எடுக்கப்போகும் ஒரு பானை இழப்பைத் தரலாம். ஒரு வரிசையைப் படித்துப் புரிந்துகொண்டு சேகரித்தவருக்கோ அதே புதையல் இன்னும் கொஞ்சம் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு.

எந்த வரிசையில் வாங்குவது

பலர் கலீஃபாவுக்கு ஒரு காசு என்று திட்டமிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் தடுமாறும். காசில் கலீஃபாவின் பெயர் இல்லை. ஆட்சி மாறிய ஆண்டில் அடித்த காசு யாருடையது என்று எழுத்து சொல்லாது: 105-இல் யஸீத் மறைந்து ஹிஷாம் வந்தார்; 126-இல் மட்டும் அல்வலீத், யஸீத், இப்ராஹீம் என்று மூன்று பேர். அதற்குப் பதில், ஐம்பத்தாறு ஆண்டையும் முழுமையாகத் தொடுக்கத் துடிக்காமல், பத்துக்கு ஒன்று என்று ஆறு காசுகளில் தொடங்கலாம்: எண்பதுகளில் ஒன்று, தொண்ணூறுகளில் ஒன்று, நூறுகளில் ஒன்று, நூற்றுப்பத்துகளில் ஒன்று, நூற்றிருபதுகளில் ஒன்று, நூற்றுமுப்பதுகளில் ஒன்று. எழுபதுகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். இந்த ஆறும் சேர்ந்தால் பத்தின் இடத்துச் சொற்களில் எழுபதைத் தவிர எல்லாம் கைக்கு வந்துவிடும். அடுத்து, ஒன்றின் இடத்தில் ஏழும் ஒன்பதும் வரும் ஓர் இணையை, எடுத்துக்காட்டாக 87-ஐயும் 89-ஐயும், சேர்த்துவிட்டால், பிறகு சந்தைக்கு வரும் எந்தக் காசின் பல்லையும் வீட்டில் இருக்கும் உண்மையான பல்லோடு ஒப்பிடலாம். அரை தீனாரும் மூன்றிலொரு பங்குத் தீனாரும் உண்டு. எடை முறையே சுமார் 2.1, 1.4 கிராம். விலை குறைவு என்று இவற்றிலிருந்து தொடங்குவது சரியாக வராது. சிறிய வட்டத்தில் எழுத்து நெருங்கிக் கிடக்கும். கண் பழகிய பிறகே அவற்றைத் தொட வேண்டும்.

எடையும் மாற்றும்

எழுத்துக்கு அடுத்தது எடை. அக்காலத்தவரே இதில் மிகக் கண்டிப்பாக இருந்தார்கள். எகிப்தில் தீனாரின் எடையைச் சரிபார்க்க ஆளுநர்களின் பெயர் பொறித்த கண்ணாடி எடைக்கற்களைப் பயன்படுத்தினார்கள். உலோகத்தைச் சுரண்டலாம், கண்ணாடியைச் சுரண்டினால் உடனே தெரிந்துவிடும். நல்ல நிலையில் உள்ள தீனார் 4.2 கிராமுக்கும் 4.3 கிராமுக்கும் இடையே நிற்க வேண்டும். நான்கு கிராமுக்குக் கீழே இறங்கினால் விளிம்பு வெட்டப்பட்டதா, காது பற்றவைத்துப் பிறகு அறுக்கப்பட்டதா, துளை அடைக்கப்பட்டதா என்று தேட வேண்டும். காசுமாலை கட்டும் வழக்கம் நம்மோடு நிற்பதல்ல. மேற்காசியாவிலும் பொற்காசுகள் கழுத்திலும் நெற்றியிலும் ஏறியிருக்கின்றன. பற்றாசின் நிறம் பொன்னின் நிறத்தோடு முழுதாக ஒத்துப்போகாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், விளிம்பின் மேற்புறத்தில், பெரும்பாலும் ஏதேனும் ஒரு தடம் இருக்கும். பழுதுபட்ட காசை வாங்கக் கூடாதென்பதில்லை. எழுத்துத் தெளிவாக இருந்தால் படிக்கப் பழக அதைவிட நல்ல காசு வேண்டாம். விலையில் மட்டும் பழுது தெரிய வேண்டும்.

மாற்றுப் பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. உமையா தீனாரின் பொன் 95 விழுக்காட்டுக்கும் மேல் தூய்மையானது, அடர்த்தி 18.7-ஐ ஒட்டி வரும். 22 காரட் பொன்னுக்கு அது சுமார் 17.8. நீரில் தொங்கவிட்டு எடை பார்த்தால் 4.25 கிராம் தீனார் ஏறத்தாழ 0.227 கிராம் நீரை விலக்கும். அதே எடையுள்ள 22 காரட் போலி 0.239 கிராமை. இரண்டுக்கும் வேறுபாடு 0.012 கிராம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 0.01 கிராம் தராசில் இது ஓர் எண் மட்டுமே. தராசின் நடுக்கத்திலேயே மறைந்துவிடும். மில்லிகிராம் காட்டும் தராசு இல்லாமல் அடர்த்திச் சோதனை செய்து 'தேறியது' என்று முடிவு கட்டுவது ஏமாற்றம். உரைகல்லில் உரைப்பது இன்னும் கேடு: காசில் கீறல் விழும், விலை இறங்கும். இவையெல்லாம் சரியாக அமைந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும். அரிய ஆண்டின் விலையோடு ஒப்பிட்டால் நாலேகால் கிராம் நல்ல பொன் மிக மலிவு. போலி செய்பவனுக்குத் தூய பொன்னிலேயே செய்வதில் நட்டமில்லை. எனவே எடையும் மாற்றும் போலிகளில் மட்டமானதைத்தான் தடுக்கும். வார்த்த போலியில் எழுத்தின் ஓரம் மழுங்கியும் புலத்தில் நுண்குமிழிகளும் தெரியும். புதிய அச்சால் அடித்த போலியை எழுத்தின் நடைதான் காட்டிக்கொடுக்கும்: பொருள் தெரியாமல் வரைந்தவன் பற்களை எண்ணுவதில் தவறுவான், ஐனை மூடுவான், சொற்களுக்கிடையே இல்லாத இடைவெளியை விடுவான். சாதாரண ஆண்டின் பல்லைச் சுரண்டி அரிய ஆண்டாக்கும் வேலையையும் எழுத்து பழகிய கண்ணே பிடிக்கும். சோதனைகள் எந்த வழியாகப் போனாலும் கடைசியில் வாசிப்பிடமே வந்து சேர்கின்றன.

சான்றிதழ் போதாதா?

இரண்டாவது மறுப்பு வலுவானது. நாணயங்களைச் சோதித்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்து, தரம் எழுதித் தரும் நிறுவனங்கள் இருக்கும்போது நாம் ஏன் பல்லை எண்ண வேண்டும்? அந்த உறைகளுக்கு மதிப்பு உண்டு. குறிப்பாகப் போலியைத் தவிர்ப்பதில் பயிற்சி பெற்ற ஒருவர் நமக்கு முன்னால் பார்த்திருக்கிறார் என்பது ஆறுதல். ஆனால் உறை சொல்வது ஒருவர் ஒருநாள் தெரிவித்த கருத்து. 7-உம் 9-உம் மயங்கும் இடத்தில் அவரும் தவறலாம். உறையும் போலி செய்யப்படும் பொருளே. எல்லாவற்றுக்கும் மேலாக, தரம் என்ற எண் தேய்மானத்தை அளக்கிறது. காசு எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது என்பதைச் சொல்வதில்லை. உறையை நம் வாசிப்பின் மேல் வைத்த இரண்டாம் பூட்டாகக் கொண்டால் நன்மை. வாசிக்காமல் இருப்பதற்கு அதையே சாக்காகக் கொண்டால், விலை உயர உயர ஆபத்தும் உயரும்.

கைமாறிய கதை

காசில் எழுதாத ஓர் எழுத்து உண்டு; அது கைமாறிய வரலாறு. உமையா தீனாரின் தாய்மண்ணான சிரியாவும் அண்டையிலுள்ள இராக்கும் அண்மைக் காலப் போர்களில் பெருமளவு கொள்ளையடிக்கப்பட்ட தொல்நிலங்கள். 2015 பிப்ரவரியில் நிறைவேறிய ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 2199-ஆம் தீர்மானம், 1990 ஆகஸ்ட் 6-க்குப் பிறகு இராக்கிலிருந்தும் 2011 மார்ச் 15-க்குப் பிறகு சிரியாவிலிருந்தும் சட்டவிரோதமாக வெளியேறிய பண்பாட்டுப் பொருள்களின் வணிகத்தைத் தடுக்குமாறு உறுப்பு நாடுகளுக்குக் கட்டளையிட்டது. வாங்குபவர் பார்க்க வேண்டிய நாள்கள் இவை. அந்த நாள்களுக்கு முன்பே காசு வெளியில் இருந்தது என்பதற்குப் பழைய ஏலப் பட்டியலின் படம், பழைய ரசீது, பழைய தொகுப்பின் சீட்டு ஏதேனும் வேண்டும். படம் இருந்தால் இரட்டை நன்மை: ஒவ்வொரு காசின் விளிம்புப் பிசிறும் மையம் விலகிய அளவும் கைரேகைபோல் தனித்தன்மை கொண்டவை, படத்தோடு ஒப்பிட்டால் அதே காசுதானா என்பது உறுதியாகும். வரலாறு இல்லாத அரிய ஆண்டைவிட வரலாறு உள்ள சாதாரண ஆண்டு நல்ல வாங்கல்.

இந்தியாவில் இருப்பவர் இன்னொரு சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத காசு தொல்பொருள். தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அது அனுமதித்த அமைப்புக்கும் மட்டுமே. தொல்பொருள் விற்பனையை வணிகமாகச் செய்ய உரிமம் வேண்டும். சிங்கப்பூரிலோ துபாயிலோ வாழும் தமிழர் அங்கே வாங்கிய தீனாரை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு விற்பனைக்காகத் திரும்ப எடுத்துச்செல்ல நினைத்தால் இங்கே மாட்டிக்கொள்ளலாம். கொண்டுவருவதற்கு முன்பே சட்டம் அறிந்தவரைக் கேட்பதும், சுங்கத்தில் அறிவித்த தாளைக் காசோடு சேர்த்தே வைப்பதும் கட்டாயம். நிலத்தடியில் கிடைத்ததாகச் சொல்லி விற்க வருபவரின் காசை வாங்கவே வேண்டாம். அது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்துக்குள் வருவது, மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டியது.

இங்கே மூன்றாவது மறுப்பு, அறத்தின் பக்கமிருந்து வருகிறது: இப்படிப்பட்ட பொருள்கள் அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியவை; தனியார் சேகரிப்பே கொள்ளையைத் தூண்டுகிறது. இதில் பாதி உண்மை. வரலாறு கேட்காத வாங்குபவர் கொள்ளைக்குச் சந்தை ஆகிறார்; இதை மறுக்க முடியாது. ஆனால் தீனார் ஆயிரக்கணக்கில் அடித்து, கைமாறுவதற்கென்றே செய்த பொருள்; கோயிலிலிருந்து பெயர்த்த சிலைபோல் ஓர் இடத்துக்கே உரிய ஒன்றல்ல. நூறாண்டுக்கும் மேலாக வெளியில் புழங்கும் ஆயிரக்கணக்கான தீனார்களை எந்த அருங்காட்சியகமும் முழுதாக ஏற்காது. அவற்றை ஆவணத்தோடு வைத்திருக்கும், படம் எடுத்து அறிஞர்களுக்குக் காட்டும் சேகரிப்பாளர் அறிவுக்குத் துணையே செய்கிறார். அந்த மறுப்புக்கு நேர்மையான பதில் வாங்காமல் இருப்பதோ கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதோ ஆகாது. தாளில்லாத காசுக்கு 'வேண்டாம்' என்று சொல்லப் பழகுவதே பதில். அந்தச் சொல் பதினாறு சொற்களைவிடக் கற்கக் கடினமானது.

முதலீடு என்ற வாதம்

கடைசி மறுப்பு பணத்தைப் பற்றியது: சாதாரண ஆண்டு விலை ஏறாது, அரியதுதான் ஏறும், ஆகவே சேர்த்த பணத்தை ஒரே அரிய காசில் போட வேண்டும் என்பது. ஏல முடிவுகளில் நாம் காண்பது விலைபோனவற்றின் கதை மட்டும். அரிய காசை வாங்குபவர்கள் உலகில் மிகச் சிலர். அவர்களில் இருவர் விலகினால் விலை சரியும், விற்க நினைக்கும் ஆண்டில் ஆளே கிடைக்காமலும் போகலாம். ஏலக்கூடம் வாங்குபவரிடமும் விற்பவரிடமும் தரகு எடுக்கும். அதைக் கழித்துத்தான் லாபம் பார்க்க வேண்டும். சாதாரண ஆண்டுக்கோ அடியில் பொன்னின் விலை நிற்கிறது, வாங்க ஆளும் எப்போதும் உண்டு. இதற்காக அரிய காசை வாங்கவே கூடாதென்று சொல்ல வரவில்லை. ஆறு காசுகளும் ஓர் இணையும் கைக்கு வந்து, கண் பழகி, ஒரு காசின் வரலாற்றுத் தாள்களைப் படித்துச் சரிபார்க்கும் பழக்கமும் வந்தபின் வாங்குவதே முதலீடு என்ற சொல்லுக்குப் பொருந்தும். அதற்குமுன் வாங்குவது மதிப்பை அறியாமல் கட்டிய பந்தயம்.

வாங்கியதைப் பேணுவதில் நீட்டி முழக்க அதிகமில்லை. பொன் துருப்பிடிக்காது, ஆகவே துடைக்கவோ பளபளப்பாக்கவோ தேவையே இல்லை. துடைத்தால் புலத்தில் விழும் நுண்கீறல் பிறகு நீங்காது. ஓரத்தை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும், கீழே துணி விரித்திருக்க வேண்டும், பி.வி.சி. உறையைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டு: எடை மில்லிகிராமில், அகலம், இருபுறப் படம், ஆண்டு, வாங்கிய நாளும் இடமும், முந்தைய உடைமையாளர் பற்றித் தெரிந்தது. ஆண்டை அந்தச் சீட்டில் எழுதும்போது எண்ணால் மட்டும் எழுதாதீர்கள். காசில் இருக்கும் சொல்லையே, இருக்கும் பற்களோடு, உங்கள் கையால் வரைந்து வையுங்கள். அடுத்த காசை வாங்கும் நாளில் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அந்தச் சீட்டைத்தான். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நீங்கள் வரைந்த பற்களையும் கடைக்காரர் நீட்டும் காசையும் பக்கத்தில் வைத்து, அவர் ஆண்டைச் சொல்லுமுன் நீங்களே சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாத காசு எவ்வளவு அரிதானாலும் இப்போதைக்கு உங்களுக்கானதல்ல.